பாய்ப்படகுப் பந்தயம்: சேலத்துப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கடல் இல்லை. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலையில் சென்னையில் இறங்கித்தான் நாங்கள் பாய்ப்படகு கற்றோம். இப்போது அதே ரயிலில் வரும் தம்பி தங்கைகள், நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். நீச்சல், லைஃப் ஜாக்கெட் விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படகை இழைப்பது

"அண்ணா, டேகர்போர்டைக் கொஞ்சம் மெலிசாக்கலாமா?" படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் அந்தப் பலகையைப் பற்றி, போட்டோவோடு மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார். கூடாது.

அவர்கள் ஓட்டும் லேசர், இப்போதைய பெயர் ஐ.எல்.சி.ஏ., கனடாக்காரர் புரூஸ் கிர்பி வரைந்த படகு. நீளம் 4.23 மீட்டர், 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இது ஒன் டிசைன் வகுப்பு. அனுமதி பெற்றவர்கள் கட்டிய ஒரே மாதிரிப் படகில் எல்லாரும் ஓட்ட வேண்டும். விதியில் 'செய்யலாம்' என்று இல்லாத மாற்றம் எதுவும் செல்லாது. பிள்ளைகளோ தலைகீழாகப் படிக்கிறார்கள்: தடை என்று எழுதவில்லையே, செய்தால் என்ன?

நானும் அப்படித்தான் படித்தேன். பழைய லேசர் ஒன்றின் டேகர்போர்டு பின்விளிம்பு தடிமனாகத் தெரிந்தது. நம்மூரில் எதைக் கேட்டாலும் செய்துகொடுக்க ஒரு பட்டறை இருக்குமே! இழைத்து, பாலீஷ் போட்டு, ஒரு சீசன் முழுக்க அதில் பழகினேன். போட்டியன்று அளவு பார்த்தவர் விளிம்பைக் கையால் தடவினார். பலகையை ஓரமாக வைத்துவிட்டார். மாற்றுப் பலகை இல்லை. மூன்று நாளும் கரையில் நின்றேன். அப்புறம் வெளிநாட்டிலிருந்து புதுப் பலகை வரவழைக்க அப்பா கடன் வாங்கினார். இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. பணத்தைவிட, அந்தச் சீசனில் நான் வேகமாகப் போனது என் கையாலா, பலகையாலா என்று கடைசிவரை தெரியாமல் போனதற்கு.

படகைச் செதுக்கித்தான் தீருவேன் என்பவர்களுக்கு மோத் வகுப்பு இருக்கிறது. நீளம் 3.355 மீட்டருக்குள் என்பது போன்ற சில வரம்புகள்தான். மற்றபடி வடிவம் உங்கள் இஷ்டம்.

எடைக்கு மீறிய பாய்

ஐ.எல்.சி.ஏ.வில் சிறிய பாயிலிருந்து பெரிய பாய் வரை 4, 6, 7 என மூன்று வகை. மூன்றுக்கும் ஹல், அதாவது படகின் உடல், ஒன்றே. பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும்தான் மாறும். 7-இன் பாய் 7.06 சதுர மீட்டர். 55 கிலோ பையன் அதை மாட்டினால், பலத்த காற்றில் படகை நிமிர்த்திப் பிடிக்கவே சக்தி போய்விடும். சென்னையின் பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டியது 6-இல்தான். 7-தான் பெரிய ஆள் படகு என்ற எண்ணத்தை விடுங்கள்.

ஆப்டிமிஸ்ட்டை அவசரமாக விடுவது

ஆப்டிமிஸ்ட் சிறுவர்களுக்கான சின்னப் பாய்ப்படகு. 15 வயதாகும் ஆண்டின் கடைசிவரை ஓட்டலாம். ஓட்டுங்கள்.

சேலத்தில் இருக்கும் நாட்களை வீணாக்குவது

ஏற்காடு ஏரிக்கரையில் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கே கருத்துச் சிலிர்க்கிறதோ, அங்கே காற்று இறங்குகிறது. காற்றைப் படிக்க இப்படியே பழகலாம்.