நட்ட கன்னு மரமாகற வரைக்கும்

கன்னு நட்டு ஸ்டேட்டஸ் போட்டதோட விட்றாதீங்க, மூணு வருசம் பாக்கோணுங்க. நம்ம கொங்குப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மறைவுல இருக்குது, தென்மேற்கு மழை கொஞ்சந்தான், ஆனா பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற ஆடிக் காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு பிச்சு எடுக்கும், அதனால குச்சி நட்டு சணல்ல தளர்வா கட்டுங்க, தண்டு பெருக்கறப்ப கயிறு அழுத்துதான்னு மாசம் ஒருக்கா பாத்து அவுத்துக் கட்டுங்க.

வேர் புடிச்சப்பறம் தெனமும் ஒரு சொம்பு ஊத்தறது வீண், வேர் மேலயே நின்னுக்கும், வாரம் ஒருக்கா ரெண்டு குடம் மெதுவா எறங்கட்டும். ஈரம் காயாம மண்ணு மேல போடற தேங்கா மட்டை மூடாக்க தண்டுல ஒட்டாம நாலு விரக்கடை தள்ளிப் போடுங்க.

இலை உதுந்துருச்சுன்னு புடுங்கிடாதீங்க, நகத்துல பட்டைய லேசா சொரண்டுங்க, உள்ள பச்சையா ஈரமா இருந்தா உசுரு இருக்குது. வெள்ளாட்டுக்குத்தான் வேற ஒண்ணும் பண்ண முடியாது, கொழுந்து அதுக்கு எட்டாத உசரம் போற வரைக்கும் சுத்திப் போட்ட முள்வேலிய எடுக்காதீங்க.