பருப்புக் கறி பிழையாகிப்போகும் இடங்கள்

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் பருப்பு என்றால் அது மைசூர்ப் பருப்புத்தான். கடையில் "அரைக் கிலோ பருப்பு" என்று கேட்டால், எந்தப் பருப்பு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. காலையில் பாணோடு, இரவில் இடியப்பத்தோடு, மச்சம் சேர்க்காத வெள்ளிக்கிழமையில் சோற்றோடு என்று கிழமைக்கு நாலு தரமாவது அடுப்பேறுகிற கறி. இத்தனை தரம் சமைப்பதாலோ என்னவோ, அதை யாரும் கவனித்துச் சமைப்பதில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற ஊரில், மீன் கிடைக்காத நாளுக்கு ஒப்புக்கு வைக்கிற கறி என்ற நினைப்பும் அதன் மேல் இருக்கிறது. அதனால்தான் பாதி வீடுகளில் அது மஞ்சள் தண்ணீராகவோ களியாகவோ வந்து நிற்கிறது.

சாமான் குறைந்து பருப்பு பிழைத்ததை நான் அதிகம் கண்டதில்லை. எதை எப்போது போடுவது என்பதில்தான் பிழைக்கிறது.

பாலில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் பிழைப்பது அங்கேதான். தேங்காயைப் பிழிந்து முதற்பால், இரண்டாம் பால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலேயே பருப்பைப் போட்டு அவிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை சுருக்கம்தான். ஆனால் பருப்பு வேக நேரமெடுக்கும், அடிப்பிடிக்கும், பால் கொதித்துக் கொதித்துத் திரைந்து எண்ணெய் மேலே மிதக்கும். தேங்காய்ப்பால் என்பது தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்த ஒன்று. இரண்டையும் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள கொஞ்சப் புரதம். கடும் சூட்டில் அந்தப் புரதம் இறுகிவிட்டால் பிடி விட்டுப்போகிறது, கொழுப்புத் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் ஆரையம்பதியில் இருக்கும் என் மாமி. அவர் ஒரு சுண்டு பருப்புக்கு மூன்று சுண்டு தண்ணீர் வைப்பார். அதற்குள் மஞ்சள், கீறிய பச்சை மிளகாய், நாலைந்து பல் உள்ளி, சின்ன வெங்காயம், ஒரு துண்டு ரம்பை இலை. மூடியைச் சற்று விலக்கி வைப்பார், இல்லாவிட்டால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும். பதினைந்து, இருபது நிமிடத்தில் பருப்பு மலர்ந்துவிடும். அகப்பையின் பின்பக்கத்தால் சட்டியின் ஓரத்தில் ஒரு தரம் அழுத்துவார். நசிந்தால், ஆனால் உருவம் கெடாமல் இருந்தால், அதுதான் பதம். பிறகு இரண்டாம் பால், ஒரு கொதி. கடைசியில் நெருப்பைத் தணித்து முதற்பால்.

"இஞ்ச பாரு புள்ள, தலைப்பால் விட்டாச்செண்டா சட்டிக்குப் பக்கத்தில நிக்கணும். போன் கதைக்கப் போகப்படாது."

அவ்வளவுதான் விசயம். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்போது இரண்டு மூன்று தரம் துழாவி இறக்கிவிட வேண்டும். மூடியும் போடக்கூடாது. தேங்காய்ப்பால் மா பாவிக்கிறவர்களும் மாவைச் சட்டிக்குள் நேரே தூவாமல், வேறாக இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துத்தான் விட வேண்டும். இல்லாவிட்டால் கட்டி கட்டியாகத் திரளும்.

தேசிக்காய்ப்புளி விடுவதாக இருந்தால் சட்டி அடுப்பை விட்டு இறங்கிய பிறகுதான். கொதிக்கிற பாலில் புளி பட்டால் திரையும். புளி முந்தினால் இன்னொரு கேடும் உண்டு. பயறு, கடலை எதுவானாலும் வேகும்போது அதன் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்ரின் கரைந்தால்தான் அது மெதுமையாகும். புளிப்பு அதைக் கரைய விடாது. பழப்புளி, தக்காளி, தேசிக்காய் எதுவானாலும் இதே கதை. தக்காளி போட்ட பருப்பு எவ்வளவு நேரம் வெந்தாலும் நறுக்கு நறுக்கென்று இருப்பது இதனால்தான்.

இதில் வீண்பழி சுமந்தது உப்பு. "உப்புப் போட்டால் வேகாது" என்று எங்கள் வீடுகளில் வேதவாக்காகச் சொல்வார்கள். மைசூர்ப் பருப்பில் உப்பை முதலில் போட்டாலும் கடைசியில் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கடலை, கௌபி மாதிரித் தோல் உள்ளவற்றை ஊறப்போடும் தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்தால் தோல் இன்னும் மென்மையாகத்தான் வரும். தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கல்சியத்தின் இடத்தில் உப்பிலுள்ள சோடியம் போய் உட்காருவதுதான் காரணம். கடைசியில் மட்டும் உப்புப் போட்டால் ஆணத்தில் உப்பு இருக்கும், பருப்புக்குள் இருக்காது.

சரி, கடலைக்கு வருவோம். சில வருடத்துக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் சரஸ்வதி பூசைக்குக் கடலை அவிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். மூன்று கிலோ. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, விடிய நாலு மணிக்கு அடுப்பில் ஏற்றியாயிற்று. ஏழு மணிக்கு ஒன்றை எடுத்து நசித்தால் விரலிடுக்கில் வழுக்கி ஓடுகிறது. எட்டரைக்கும் அப்படியே. விறகுதான் முடிந்தது. அந்த முறை பூசையில் அவல்தான் அதிகம் போனது. கடலையைக் கடித்துப் பார்த்த ஓர் அண்ணர் அன்று முழுக்கத் தாடையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் இரண்டு பிழை. ஒன்று, மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பழைய கடலை. மாதக்கணக்காக வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த கடலை உள்ளுக்குள் இறுகிவிடுகிறது, பிறகு எவ்வளவு அவித்தாலும் முழுதாக மெதுவாகாது. எங்கள் காலநிலையில் இது சீக்கிரம் நடக்கும். சுருங்கி, நிறம் மங்கி, கையில் தூசு ஒட்டினால் வாங்காதீர்கள். வீட்டிலும் ஆறு மாதத்துக்கென்று வாங்கிக் குவிக்க வேண்டாம். மற்றது தண்ணீர். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கிற எழுவான்கரைக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் சவராக, கல்சியம் கூடியதாக இருக்கும். அந்தக் கல்சியமும் கடலையை இறுக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் வீட்டில் இருந்தால் ஊறப்போடவும் அவிக்கவும் அதையே எடுங்கள், கிணற்றுத் தண்ணீர் கழுவ மட்டும் போதும்.

அப்பச்சோடா போட்டால் மெதுவாகிவிடுமே என்பீர்கள். மெதுவாகும். கூடவே சவர்க்கார வாசமும் வரும், பி1 விற்றமினும் அழியும். பழைய கடலைதான் கையில் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் ஒரு நுள்ளுப் போடலாம். கரண்டியால் அள்ளிப் போடுகிற சாமான் இல்லை அது.

ஊறவைப்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. மைசூர்ப் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. பயறுக்கு நாலைந்து மணித்தியாலம், கௌபிக்கு ஆறு, கடலைக்கு எட்டு முதல் பத்து. எங்கள் வெக்கையில் அதற்கு மேல் போனால் புளித்த மணம் வரும். இரவு ஊறப்போட்டால் படுக்குமுன் ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் வயிற்றை ஊதவைக்கும் ஒருவகைச் சர்க்கரையும் ஓரளவு போய்விடும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் ஊறவைத்ததன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அடுப்பு எரிகிற நேரம் பாதியாகக் குறைந்தது. அம்பாறைப் பக்கம் விளைகிற கௌபி புதிதாக வரும்போது வாங்கினால் வேலை இன்னும் சுருக்கம்.

குக்கரில் மைசூர்ப் பருப்பு வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. நுரை மேலே எழும்பி ஆவி போகும் துவாரத்தை அடைக்கும், பருப்பும் கரைந்து கூழாகும். கடலைக்கும் கௌபிக்கும் குக்கர் நல்லது, ஆனால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

தாளிதத்தில் நடக்கும் பிழை ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவது. கடுகு வெடிக்கு முன்னமே சின்னச்சீரகம் கருகிவிடும், செத்தல் மிளகாய் கறுத்துவிடும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து ஓய்ந்ததும் வெட்டிய வெங்காயம். வெங்காயம் பொன்னிறமாகும்போது செத்தல் மிளகாய், சீரகம், கடைசியில் கறிவேப்பிலை. சடசடவென்று சத்தம் அடங்கு முன் அப்படியே பருப்பில் கொட்டி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அதன் பிறகு கொதிக்கவைத்தால் தாளித்த வாசம் எல்லாம் கூரைக்குப் போய்விடும். பருப்புக்கு வறுத்த கறித்தூள் போடுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் அந்த வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்கமாட்டேன்.

முருங்கையிலை போட்ட பருப்பு எங்கள் பக்கத்துக்குப் பிடித்த கறி. இலையைப் பருப்போடு சேர்த்து அவிப்பதால்தான் அது கறுத்துக் கயர்க்கிறது. முதற்பாலுக்குச் சற்று முன் போட்டு, மூடாமல் மூன்று நிமிடம், போதும்.

இனி, வயிறு நிறைவது பற்றி. காய்ந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. அவிந்தபின் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடுவதால் 100 கிராமில் 9 கிராம் அளவுதான் தேறும். அதற்கு மேலும் தண்ணீரை விட்டு நீட்டி, சோற்றின் மேல் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, பருப்போடு சாப்பிட்டேன் என்றால் அது கணக்கில் வராது. மீன் இல்லாத நாளில் பருப்பைக் கெட்டியாக வைத்து, கோப்பையில் சோற்றுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு இடம் கொடுங்கள். சோற்றில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் தாராளம், பருப்பில் குறையும் மெதியோனின் என்ற கூறு சோற்றில் இருக்கிறது. அதனால் இரண்டும் சேரும்போதுதான் நிறைவு. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம்தான் இங்கே இடைஞ்சல். பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலை தடுக்கிறது, தேசிக்காய்ப்புளி கூட்டுகிறது. பிளேன்ரீயை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை, உண்மையைச் சொன்னால்.

மிஞ்சிய பருப்பை மத்தியானத்திலிருந்து இரவு வரை அடுப்பிலேயே விட்டால் பழுதாகிவிடும். பால் சேர்ந்த கறி, அதிலும் சித்திரை வெக்கையில், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே தாங்காது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரவுக்கும் பருப்பு வேண்டும் என்று முதலே தெரிந்தால், பால் விடுமுன் பாதியை வேறாக எடுத்து வைப்பது இன்னும் நல்லது. இரவில் அதற்குக் கொஞ்சம் கொதிதண்ணீர் விட்டு இளக்கி, புதிதாகப் பாலும் தாளிதமும் சேர்த்தால், மத்தியானக் கறி என்று கண்டுபிடிக்க மாமியால்தான் முடியும்.