ஏதென்ஸ் ஜனநாயகம் பத்தி எழுதும்போது பண்ணக்கூடாத தப்புகள்

பி.ஏ. ஹிஸ்டரி பசங்களோட அசைன்மென்ட் கட்டு ஒண்ணு திருத்தி முடிச்சேன். ஏதென்ஸ் பத்தி கேட்ட கேள்விக்கு, நான் படிக்கிற காலத்துல எழுதுன அதே தப்ப கிட்டத்தட்ட அதே வார்த்தைல எழுதியிருக்காங்க. பேர தப்பா எழுதுறது, வருஷம் மாத்திப் போடுறது எல்லாம் நீங்களே பாத்து சரி பண்ணிக்குவீங்க, அத விட்டுடுறேன்.

கிரீஸ்னா ஏதென்ஸ் மட்டும் இல்ல

ஸ்பார்ட்டால ஒரே நேரத்துல ரெண்டு ராஜா, கீழ ஹெலட்டுகள், அதாவது நிலத்துல அடிமையா உழைச்சவங்க. தலைப்புல எந்த ஊருன்னு எழுதுங்க.

ஏழைக்கு ஓட்டு இல்லன்னு எழுதுறது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். எம்.ஏ.ல "சொத்து இருந்தவனுக்குத்தான் ஓட்டு, ஏழைங்க வெளியவே நின்னாங்க"ன்னு ஒரு வரி எழுதி அது மேலயே மொத்த டெசர்டேஷனையும் கட்டிட்டேன், கைடு அந்த வரிய சுழிச்சு ஓரத்துல "அப்போ லிசியாஸ்?"னு மட்டும் எழுதித் திருப்பிக் குடுத்தாரு. மூணு மாச வேலை போச்சு, அந்த செமஸ்டர்ல சப்மிட் பண்ணவே முடியல.

லிசியாஸ் ஏதென்ஸ்ல வழக்குப் பேச்சு எழுதி பேர் வாங்குனவரு. அவரோட அப்பா கெஃபாலஸ் சிராக்யூஸ்காரர், ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் கூப்பிட்டதால ஏதென்ஸ் வந்து 30 வருஷம் அங்கயே இருந்தவரு. கேடயம் செய்ற பட்டறை, 120 அடிமைங்கன்னு நல்ல வசதியான குடும்பம், திருவிழால பாடி ஆடுற கோரஸ் குழுவோட செலவ ஏத்துக்கிட்டாங்க, போர் வரி கட்டுனாங்க. ஆனா அவங்க மெட்டிக், அதாவது வெளியூர்லேர்ந்து வந்து குடியிருக்கிறவங்க. குடிமக்கள் கூடி ஓட்டு போடுற சபைல உக்கார முடியாது, ஸ்பெஷலா அனுமதி குடுத்தாத்தான் நிலம் வாங்கலாம், இதுல வருஷத்துக்கு 12 டிராக்மா (அந்த ஊரு வெள்ளிக் காசு) தலைவரி வேற. அதே சமயம் பிரேயஸ் துறைமுகத்துல கப்பல் துடுப்பு வலிச்சு சாப்பிட்டவன், சட்டம் வகுத்த சோலன் சொத்த வெச்சு பிரிச்ச நாலு வகுப்புல கடைசி வகுப்பான தீட்டெஸ், அவன் குடிமகனா பொறந்திருந்தா சபை கூடுற பினிக்ஸ் குன்று ஏறி கை தூக்கி ஓட்டு போடலாம், ஜூரில உக்காந்து மூணு ஒபல் (அரை டிராக்மா) கூலி வாங்கலாம். அவனுக்கும் தடை இருந்துச்சு, ஆர்க்கன்ங்கிற உயர் அதிகாரி பதவி சட்டப்படி கிடையாது. ஆனா ஓட்டு உண்டு.

கி.மு. 404ல ஜனநாயகத்த கலைச்சுட்டு முப்பது பேர் ஆட்சி வந்ததும் பணத்துக்காக மெட்டிக்குகள வேட்டையாடுனாங்க. லிசியாஸோட அண்ணன் பாலிமார்க்கஸுக்கு விஷம் குடுத்துக் கொன்னாங்க, லிசியாஸ் மெகாராவுக்குத் தப்பிச்சுப் போய் அங்கேர்ந்து ஜனநாயகப் படைக்கு பணமும் கேடயமும் அனுப்புனாரு. 403ல ஜனநாயகம் திரும்பி வந்தப்போ ஜனநாயகப் படைத் தலைவர் திராசிபுலஸ் அவருக்கு குடியுரிமை குடுக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தாரு, சபையும் ஒத்துக்கிச்சு, ஆனா சபைக்கு முன்னாடி தீர்மானத்த பாக்க வேண்டிய கவுன்சில் வழியா வரலன்னு ஆர்க்கினஸ்ங்கிற அரசியல்வாதி வழக்கு போட்டு அத ரத்து பண்ணிட்டாரு. அண்ணன பறிகொடுத்து சொத்த எழந்து அந்த ஆட்சிய மீட்க உதவுன மனுஷன் கடைசி வரைக்கும் மெட்டிக்காவே இருந்தாரு. இத படிச்சப்புறம் எப்படிங்க பணத்தையும் குடியுரிமையையும் ஒண்ணா போட்டு எழுத முடியும்?

ஏதென்ஸ்ல இருக்கிற எரெக்தியம் கோயில் கட்டுன கணக்கு கல்வெட்டா இருக்கு. குடிமகன், மெட்டிக், அடிமை மூணு பேரும் ஒரே இடத்துல வேலை பாத்து பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு டிராக்மாதான். சாயங்காலம் அடிமையோட கூலி முதலாளி கைக்குப் போகும், மெட்டிக் வீட்டுக்குப் போவான், சபை கூடுனா குடிமகன் மட்டும் உள்ள போவான். அசைன்மென்ட்ல இந்த ஒரு உதாரணத்த ஒழுங்கா விளக்குனாலே போதும்.

பெண்கள ஒரே வரில முடிக்கிறது

ஓட்டு இல்ல, சரி. ஆனா கி.மு. 451ல பெரிக்ளிஸ் கொண்டு வந்த சட்டப்படி அப்பா அம்மா ரெண்டு பேருமே ஏதெனியர்களா இருந்தாத்தான் பையன் குடிமகன். ஓட்டே இல்லாத அம்மாவோட பொறப்பு பையனோட ஓட்ட முடிவு பண்ணுச்சு. அதே பெரிக்ளிஸுக்கு வெளியூரான மிலீட்டஸ்லேர்ந்து வந்த அஸ்பேசியா மூலமா ஒரு மகன். சட்டப்படி பொறந்த ரெண்டு பசங்களும் செத்தப்புறம் இவனுக்கு தனியா குடியுரிமை வாங்க வேண்டியிருந்துச்சு.

எல்லாத்துக்கும் தேர்தல்னு நினைக்கிறது

கவுன்சில்ல 500 பேர், குடிமக்கள பிரிச்சிருந்த பத்து டிரைப் ஒவ்வொண்ணுலேர்ந்தும் 50 பேர், எல்லாம் குலுக்கல். தேர்தல் வெச்சது பத்து தளபதிகள் மாதிரி சில பதவிக்குத்தான்.