வில்லா டூகென்தாட்ட வச்சு ஒரு மாடர்னிஸ்ட் வீட்ட அனலைஸ் பண்றது எப்படி

ஆர்க்கிடெக்சர்ல கேஸ் ஸ்டடின்னு, அதாவது ஒரு கட்டடத்த அலசி எழுதுங்கன்னு சொன்னா பாதி பேரு "ஓப்பன் ப்ளான் (தடுப்பு சுவர் இல்லாத இடம்), நல்ல வெளிச்சம்"னு எழுதி நாலு போட்டோவ ஒட்டிடறாங்க, அதுல வீடே இல்லங்க. செக் நாட்டுல ப்ர்னோ நகரத்துல 1930ல முடிஞ்ச வில்லா டூகென்தாட்ட எடுத்துக்குவோம், டிசைன் ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ, உள் அலங்காரத்துல டிசைனர் லில்லி ரைஷோட கையும் இருக்கு.

போட்டோவ மூடி வைங்க. ப்ளான் மேல ட்ரேசிங் பேப்பர போட்டு வாசல்லருந்து சோபா வரைக்கும் பென்சில எடுக்காம ஒரே கோடா போங்க. வீடு சரிவுல நிக்குது, ரோட்டுலருந்து பாத்தா தாழ்வா ஒரு மாடிதான் தெரியும், நீங்க நுழையறதே மேல் மாடில, பெட்ரூம்லாம் அங்கதான், பால் மாதிரி வெள்ளையா இருக்க கண்ணாடி வளைவுக்கு உள்ள இருக்க படில சுத்தி இறங்கினாத்தான் லிவிங்கும் தோட்டத்து பக்கமும் வரும். எந்த திருப்பத்துல என்ன மறையுது, எங்க பார்வை திறக்குதுன்னு கோட்டு மேலயே குறிங்க. வேலையாட்கள் நடக்கிற வழிய வேற கலர்ல போடுங்க, இத விட்டா சர்குலேஷன், அதாவது வீட்டுக்குள்ள ஆளுங்க நடமாடுற வழி, அரைகுறைதான்.

அடுத்து ஒரு ஷீட்ல தூண் மட்டும், இன்னொண்ணுல சுவர் மட்டும். பாரத்த ஸ்டீல் ஃப்ரேம் தாங்குது, லிவிங்ல கூட்டல் குறி மாதிரி குரோம் பூசின தூண்ங்க நிக்குது, அதனால ஓனிக்ஸ் கல் சுவரும் எபனி மரத்துல அரைவட்டமா வளைஞ்ச சுவரும் எதையும் தாங்க வேண்டியதில்ல. அப்போ அதுங்க வேலை என்னன்னு கேளுங்க. ஓனிக்ஸ் படிக்கிற இடத்தையும் உக்கார்ற இடத்தையும் பிரிக்குது, எபனி சாப்பாட்டு மேசைய அணைச்சு நிக்குது. கதவே இல்லாம ரூம் உண்டாகுதுங்க, இந்த வீட்டோட உயிரே இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இதனாலதான் மெட்டீரியல தனி லிஸ்ட்டா எழுதாதீங்கன்னு சொல்றேன், முதல்ல போட்ட நடை கோட்டு மேலயே வைங்க. மேல ஹால்ல ட்ராவர்டைன் கல், கீழ லிவிங்ல வெள்ளை லினோலியம் (தரைல விரிக்கிற வழவழப்பான விரிப்பு), கால் உணர்ற இந்த மாற்றத்தையும் எழுதணும். ஓனிக்ஸ் மேல குளிர்காலத்துல தாழ்வா சாயுற வெயில் பட்டா கல்லே சிவந்து ஒளிரும், அதனால எந்த மாசம் எத்தன மணிக்கு விழற வெளிச்சம்னு சொல்லாம அந்த கல்ல பத்தி எழுதினா பிரயோஜனம் இல்ல. எது ஒரிஜினல்னும் பாருங்க, எபனி சுவர யுத்த காலத்துல பேத்து எடுத்துட்டாங்க, அதோட பலகைங்க ப்ர்னோலயே நாஜிகளோட ரகசிய போலீஸான கெஸ்டபோ இருந்த கட்டடத்துல கிடைச்சு 2010-12 புதுப்பிப்புல திரும்ப வந்துச்சு.

கடைசியா தோட்டத்து பக்கம் இருக்க பெரிய கண்ணாடில ரெண்டு, மோட்டார் போட்டா அப்படியே தரைக்குள்ள இறங்கிடும். அதனால செக்ஷன், அதாவது வீட்ட நெட்டுக்கு வெட்டினா தெரியற வரைபடம், ஒண்ணு போதாது, கண்ணாடி மேல இருக்கும்போது ஒண்ணு, இறங்கினப்புறம் ஒண்ணு வரைங்க, ரெண்டுலயும் நடை கோடு எங்க போய் நிக்குதுன்னு பாருங்க.