ட்ரெமலோ பிரிட்ஜை செட் பண்ணுறது எப்பிடி, அதால ரோன் என்னெண்டு மாறுது

ஸ்ட்ராட் மாதிரிக் கிற்றார் வாங்கின கனபேர் ரோன் பிடிக்கேல்லை எண்டால் உடன பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) மாத்த ஓடுறினம். அதுக்கு முதல் பிரிட்ஜை, அதாவது உடம்பில கம்பியைத் தாங்குற தட்டை, ஒருக்கா வடிவாப் பாருங்கோ. 1954ல ஃபெண்டர் கொம்பனியின்ர ஸ்ட்ராட்டோகாஸ்டரோட (அதுதான் ஸ்ட்ராட்) வந்த, ஆர்ம் எண்ட தடியை ஆட்டி சுருதியை மாத்துற அந்த ட்ரெமலோ அமைப்புத்தான் விலை குறைஞ்ச கிற்றாருகளிலயும் இருக்கு. முன்னுக்கு கம்பி இழுக்கும், பின்னுக்கு உடம்புக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் இழுக்கும், ரெண்டு இழுவையும் சமனாகிற இடத்தில பிரிட்ஜ் நிக்கும். அந்த இடத்தை நீங்கள்தான் முடிவு செய்யோணும்.

ரெண்டு வழி இருக்கு. பிரிட்ஜ் தட்டு உடம்போட படிஞ்சு இருந்தால் சத்தம் இறுக்கமா வரும், நோட் கனநேரம் நிக்கும், அடிக் கம்பி தெளிவாக் கேக்கும். தட்டின்ர பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து மிதந்தால் சத்தம் கொஞ்சம் திறந்து, காத்தோட்டமா இருக்கும், ஸ்பிரிங்கும் சேர்ந்து மெல்லிசா அதிரும், ஆர்மை மேலயும் இழுக்கலாம். ஆனா மிதக்கிற பிரிட்ஜில ஒரு கம்பியை பெண்ட் பண்ணினால் (விரலால வளைச்சு சுருதி ஏத்தினால்) தட்டு முன்னுக்கு இழுபட்டு மற்றக் கம்பி எல்லாம் சுருதி இறங்கும். கோயில் திருவிழா, கல்யாண வீடு எண்டு இசைக்குழுவில வாசிக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது படிய வையுங்கோ எண்டுதான், ஏனெண்டால் பாட்டு நடுவில ஒரு கம்பி அறுந்தால் மிதக்கிற பிரிட்ஜ் பின்னுக்கு இழுபட்டு மிச்சம் அஞ்சும் சுருதி ஏறிப் போயிடும், மேடையில வைச்சு ஒண்டும் செய்யேலாது.

தேவையான சாமான்: நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் (தலை தேஞ்சது வேண்டாம், ஆணி வாயைத் திண்டுடும்), அலன் கீ, ரியூனர், புதுக் கம்பி. ரியூனர் ஃபோன் ஆப்பை விட கிற்றார் தலையில கொழுவுற கிளிப் வகைதான் நல்லம், பக்கத்து வீட்டில பாட்டுப் போட்டாலும் குழம்பாது.

பின் மூடியைக் கழட்டினால் ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற இரும்புத் தகடும், அதைக் கட்டையில இறுக்கியிருக்கிற ரெண்டு நீள ஆணியும் தெரியும். அந்தத் தகட்டில ஒரு வயர் ஒட்டியிருக்கும், அது ஏர்த், அறுந்தால் இரைச்சல் கூடும், கவனம். 9 கேஜ் கம்பிக்கு (மெல்லிசான முதல் கம்பி 0.009 அங்குலம்) மூண்டு ஸ்பிரிங் காணும்.

படிய வைக்கிறது லேசு. ரியூன் பண்ணிப்போட்டு ரெண்டு ஆணியையும் மாறி மாறி அரைச் சுத்தா இறுக்குங்கோ. பிறகு மூண்டாவது கம்பியை ஒரு முழு சுரம் பெண்ட் பண்ணிக்கொண்டு தட்டின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ. எழும்பினால் இன்னும் இறுக்கோணும்.

மிதக்க வைக்கேக்கதான் எல்லாரும் மாட்டுப்படுறது. ஒரு கம்பியை ரியூன் பண்ண மற்றது இறங்கும், அதை ஏத்த முதல் பண்ணினது இறங்கும், விடியும் வரைக்கும் சுத்தலாம். ஃபெண்டர் சொல்லுற உயரம் 1/8 அங்குலம், கிட்டத்தட்ட 3.2 மில்லிமீற்றர். பழைய பாங்க் கார்ட் ஒண்டு 0.76 மில்லிமீற்றர் தடிப்பு, நாலை அடுக்கினால் 3 வந்திடும். அந்த அடுக்கை தட்டின்ர பின்விளிம்புக்குக் கீழ வைச்சு, கார்ட் அசையாத அளவுக்கு ஆணியை இறுக்குங்கோ. இப்ப பிரிட்ஜ் அசையாது, ஆறுதலா ஆறு கம்பியையும் ரியூன் பண்ணலாம், புதுக் கம்பியை கையால இழுத்து இழுத்து சுருதி நிக்கும்வரை திருப்பித் திருப்பி ரியூன் பண்ணுங்கோ, இந்த இடத்தில அந்தரப்படக் கூடாது. அதுக்குப் பிறகு ஆணியை கால் சுத்து கால் சுத்தா இளக்குங்கோ. கார்ட் லேசா உருவுப்படுற நேரம் நிப்பாட்டுங்கோ, ரெண்டு இழுவையும் சமன்.

பிரிட்ஜ் உயர்ந்தால் கம்பியும் உயரும், ஆனபடியால் சாடிலை (பிரிட்ஜில ஒவ்வொரு கம்பியும் தங்குற சின்னத் துண்டு) இறக்கி, 12ஆம் ஃபிரெட்டில இன்டொனேஷனை, அதாவது அமத்தின நோட்டும் சுருதி சரியோ எண்டதை, பாருங்கோ. அமத்தின நோட் அதே இடத்து ஹார்மோனிக்கை (அமத்தாம விரலால லேசாத் தொட்டு எடுக்கிற நோட்) விட ஏறி நிண்டால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கோ. நட்டில (கழுத்தின்ர தலைப்பக்கம் கம்பியைத் தாங்குற பட்டை) கம்பி போற காடிக்குள்ள பென்சில் கரியைத் தேய்ச்சு விடுங்கோ, ஆர்ம் அடிச்ச பிறகு சுருதி திரும்பி வராததுக்கு பாதிக் காரணம் அங்கதான்.

எங்கட ஊர் உப்புக்காத்தில ஸ்பிரிங்கும் சாடில் ஆணியும் கெதியாக் கறள் பிடிக்கும். வாசிச்சு முடிய காய்ஞ்ச துணியால துடையுங்கோ. பிரிட்ஜ் தட்டு முன்பக்க ஆணியில முட்டுற இடத்துக்கு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடிச்சு பிசினாகிடும்.

பிறகு சேர்த்தது: கம்பியை 9ல இருந்து 10க்கு மாத்தினாப் பிறகு பிரிட்ஜ் முன்னுக்கு சரிஞ்சிட்டுது எண்டு சிலபேர் கேட்டவை. தடிச்ச கம்பி கூட இழுக்கும், கார்ட் வைக்கிற இடத்தில இருந்து திருப்பிச் செய்யோணும், தேவையெண்டால் நாலாவது ஸ்பிரிங்கைப் போடுங்கோ. இன்னொருத்தர் கம்பியை அமத்தினாப் பிறகும் பின்னுக்கு கிணிங் எண்டு சத்தம் நிக்குது எண்டவர், அது ஸ்பிரிங். கிளீன் ரோனுக்கு எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். டிஸ்டோர்ஷன் போட்டு வாசிக்கிற ஆள் எண்டால் ஸ்பிரிங்குக்குக் கீழ சின்ன ஸ்பொஞ்ச் துண்டு செருகி மூடியைப் பூட்டுங்கோ.