ஆட்டோ அப்டேட் போட்டாச்சு, அப்புறம்?

மெயில் சர்வரில் கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவி, வைரஸ் அடையாளத் தரவுத்தளத்தை இறக்கித் தரும் அதன் ஃப்ரெஷ்கிளாம் நிரலை ஓடவிட்டதும் ‘இனி அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நான் பொறுப்பேற்ற ஒரு சர்வரிலும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். ஃப்ரெஷ்கிளாமின் செயல்பதிவான லாகில் தினமும் நல்ல சேதிதான். ஆனால் மெயிலைச் சோதிக்கிற கிளாம்டி என்ற நிரலிடம் தரவுத்தளப் பதிப்பைக் கேட்டால், மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியைச் சொன்னது. கோப்புகள் ஒரு டைரக்டரியில் இறங்கிக்கொண்டிருந்தன. கிளாம்டி படித்துக்கொண்டிருந்தது வேறொரு டைரக்டரியை.

பெரிய தவறு இதுதான். இறக்குவது ஒரு நிரல், சோதிப்பது இன்னொரு நிரல். முதலாவதின் லாகைப் பார்த்து இரண்டாவதும் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. கிளாம்டிஸ்கேன் கட்டளையைப் பதிப்பு கேட்டு ஓட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் கிளாம்டியே பதில் சொல்லும்: மென்பொருள் பதிப்பு, தரவுத்தள எண், அதன் தேதி. கண்காணிப்பில் போட வேண்டியது அந்தத் தேதியைத்தான். ஃப்ரெஷ்கிளாம் அமைப்பில் புதியது வந்ததைக் கிளாம்டிக்குச் சொல்ல வைக்கும் நோட்டிஃபைகிளாம்டி வரி உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால், கிளாம்டி தானாகச் சரிபார்க்கும் வரை புதியது காத்திருக்கும். இயல்பாக அந்த இடைவெளி 600 விநாடிதான், பரவாயில்லை. யாராவது அதைப் பூஜ்யமாக்கி, அந்தச் சரிபார்ப்பையே அணைத்து வைத்திருந்தால்தான் வம்பு.

வைரஸ் தடுப்பைச் சோதிக்கவே உருவாக்கிய, தீங்கற்ற ஐகார் கோப்பை அனுப்பிப் பார்த்தேன், பிடித்துவிட்டது என்பார்கள். 68 பைட் கொண்ட அந்தக் கோப்பை எவ்வளவு பழைய தரவுத்தளமும் பிடிக்கும். சோதனை நடக்கிறது என்பதற்கு அது சாட்சி, புதுப்பிப்புக்கு இல்லை.

அடுத்தது நினைவகம். தரவுத்தளத்திலுள்ள வைரஸ் அடையாளங்களை, அதாவது கையொப்பங்களை, ஏற்றவே 1 ஜிபிக்கு மேல் பிடிக்கும். 0.103 பதிப்பிலிருந்து, பழையதை வைத்துக்கொண்டே புதியதை ஏற்றுவதுதான் இயல்பு அமைப்பு. அதாவது அந்தச் சில நொடிகளுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு இடம் வேண்டும். சின்ன சர்வரில் இடம் போதாவிட்டால், அந்த நேரத்தில் இயங்குதளத்தின் கர்னல் கிளாம்டியையே கொன்றுவிடும். அப்டேட் வந்த நேரத்தில் ஸ்கேனர் செத்துக் கிடக்கும்! நினைவகத்தைக் கூட்ட முடியாவிட்டால் கன்கரன்ட்டேட்டாபேஸ்ரீலோட் அமைப்பை அணைத்துவிடலாம். ஏற்றி முடியும் வரை சோதனை நின்று காத்திருக்கும், அவ்வளவுதான்.

சரி, கிளாம்டி செத்தே போனால் வருகிற மெயில் என்ன ஆகும்? மெயிலைக் கிளாம்டியிடம் சோதனைக்குத் தரும் இடைநிரலான மில்டரில் ஆன்ஃபெயில் என்பதை ‘டிஃபர்’ என்றே விடுங்கள். அனுப்பிய சர்வர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். மெயில் தாமதமாகிறதே என்று யாரோ முனகியதற்காக ‘அக்செப்ட்’ என்று மாற்றினால், சோதிக்காத மெயில் நேராக உள்ளே போகும்; யாருக்கும் தெரியவும் தெரியாது.

இன்னும் சில பேர் கர்ல் என்ற இறக்கும் கட்டளையை வைத்துத் தரவுத்தளக் கோப்புகளை நேரடியாக இறக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். எதற்கு? ஃப்ரெஷ்கிளாம் முதலில் ஒரு டிஎன்எஸ் பதிவைப் பார்த்து, புதிய எண் இருந்தால் மட்டுமே இறக்குகிறது. அதையும் பெரும்பாலும் மாறிய பகுதியாக மட்டும். கோப்புகளைத் தரும் கிளாம்ஏவி சர்வர்களின் மேல் சுமை கூடியதால் 2021-இல் கட்டுப்பாடு வந்தது. அதிகமாகக் கேட்டால் ‘கோரிக்கை அதிகம்’ என்ற 429 பிழை, கொஞ்ச காலம் தடை. ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று ஒவ்வொரு முறையும் பழைய கோப்புகளை அழித்துவிட்டு முழுசாக இறக்குபவர்களும் இதில்தான் மாட்டுவார்கள்.

ஃப்ரெஷ்கிளாமைப் பின்னணியில் ஓடும் டீமனாகவும் ஓடவிட்டு, குறித்த நேரத்தில் இயக்கும் கிரானிலும் போட்டால் லாக் கோப்பைப் பூட்ட முடியவில்லை என்று ஒன்று புலம்பும். ஏதாவது ஒன்று போதும். கிரான்தான் என்றால், எல்லோரும் வைக்கிற பூஜ்யமாவது நிமிடத்தை விட்டுவிட்டு 17, 43 என்று ஏதாவது வையுங்கள்.

கடைசியாக, மென்பொருளையே மறந்துவிடாதீர்கள். ஆதரவு முடிந்த பழைய பதிப்புகளுக்குத் தரவுத்தளம் தருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு வெகு முன்பிருந்தே லாகில் ‘காலாவதி’ என்ற எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும். அந்த வரி தினமும் வருகிறது என்பதாலேயே நாம் அதைப் படிப்பதில்லை.