விடுமுறைக்கு வாடகைக் கார்: 180 பவுண்ட் 350 ஆவது எப்படி?

பிரிட்டனுக்கு வந்து முதல் கோடை தொடங்கியதும் நம்மவர்கள் வீடுகளில் ஸ்காட்லாந்துப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஸ்கை தீவு, க்ளென்கோ, லாக் நெஸ் என்று பட்டியல் தயாராகும். அந்தப் பக்கமெல்லாம் ரயிலையும் பஸ்ஸையும் நம்பிக் குழந்தைகளோடு சுற்றுவது சிரமம், கார்தான் சரி. இணையத்தில் பார்த்தால் எடின்பரோ விமான நிலையத்தில் ஒரு வாரத்துக்கு 180 பவுண்ட் என்று காட்டும். சாவி கைக்கு வரும்போது அது 350 ஆகிவிடும். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் கூடுகிற தொகையில் பாதியையாவது மிச்சப்படுத்தலாம்.

பணத்துக்கு முன்னால் லைசென்ஸ். இந்திய, இலங்கை, மலேசிய லைசென்ஸோடு இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அட்டையில் இன்னும் பத்து வருடம் செல்லும் என்று போட்டிருந்தாலும், ஊரிலிருந்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கவுண்டரில் இருப்பவர் நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடலாம். விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கட்டாயம் கேட்பார். அன்றைக்கு உங்களிடம் லைசென்ஸும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை என்றாகிவிடும். நீங்கள் வாங்கிய எந்தக் காப்பும் அப்போது உதவாது.

பிரிட்டிஷ் லைசென்ஸ் வாங்கிவிட்டவர்கள், லைசென்ஸ் வழங்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் இணையதளத்தில், கார் நிறுவனம் உங்கள் லைசென்ஸ் விவரத்தைப் பார்ப்பதற்கான ஒரு சோதனைக் குறியீடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான், 21 நாள் செல்லும். லைசென்ஸ் எண், நேஷனல் இன்சூரன்ஸ் எண், போஸ்ட்கோடு மூன்றும் கேட்கும். வரிசையில் நின்றுகொண்டு நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைத் தேடுவது பெரிய அவஸ்தை, முந்தின நாளே வீட்டில் செய்துவிடுங்கள்.

எக்ஸஸ் என்கிற பூதம்

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வாடகைக்குள்ளேயே அடிப்படை இன்சூரன்ஸ் பொதுவாக அடங்கியிருக்கும். நீங்கள் யார் மீதாவது மோதினால் அவர்களுக்கான இழப்பீடு, காருக்குச் சேதம், திருட்டு எல்லாம் அதில் வரும். (அமெரிக்காவில் உறவினர் வீட்டுக்குப் போய்க் கார் எடுப்பவர்கள் இதே நினைப்பில் இருக்க வேண்டாம். அங்கே சேதத்துக்கான காப்பு பெரும்பாலும் தனிக் காசு.) சிக்கல் எங்கே என்றால், சேதச் செலவில் ஒரு வரம்பு வரை, அதாவது நிறுவனத்தைப் பொறுத்து 1,000 அல்லது 2,000 பவுண்ட் வரை, உங்கள் தலையில்தான். அதுதான் எக்ஸஸ். கதவில் 400 பவுண்டுக்கு ஒரு கீறல் விழுந்தால் 400-ம் நீங்கள்தான் கட்ட வேண்டும். கார் பட்டறையில் நிற்கும் நாட்களுக்கான வாடகை நஷ்டம், நிர்வாகக் கட்டணம் என்று மேலும் இரண்டு வரிகள் பில்லில் சேரும்.

இதைவிட மோசம், அடிப்படைக் காப்பில் சேராதவை. டயர், சக்கரம், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பாகம், தொலைந்த சாவி, தவறான எரிபொருள் ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் விலக்கி வைத்திருக்கும். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நிறைய இடங்களில் ஒற்றைப் பாதைதான். எதிரே வண்டி வந்தால் ஓரமாக இருக்கும் ஒதுங்குமிடத்தில் இறக்கி நிறுத்த வேண்டும். அங்கே குழியும் கூரான கல்லும் இருக்கும். அடிபடுவது டயரும் சக்கரமும்தான், காப்பில் இல்லாததும் அவைதான்.

கவுண்டரில் இதைத்தான் சொல்லிப் பயமுறுத்துவார்கள். "நாளைக்கு 22 பவுண்ட் கட்டினால் எக்ஸஸ் பூஜ்யம், நிம்மதியாகப் போகலாம்" என்பார்கள். ஏழு நாளைக்கு 154 பவுண்ட், கிட்டத்தட்ட இன்னொரு வாடகை. விமானம் தாமதம், குழந்தை அழுகை, பின்னால் நீண்ட வரிசை என்ற அந்த நேரத்தில் டேப்லெட்டை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றால் எவரும் போட்டுவிடுவோம். எந்தப் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறது, மொத்தத் தொகை எவ்வளவு என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். பின்னால் நிற்பவர் காத்திருக்கட்டும்.

இதற்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது. வாடகைக் கார் எக்ஸஸ் இன்சூரன்ஸ் என்று தனி நிறுவனங்கள் விற்கின்றன. ஒரு நாளைக்குச் சில பவுண்ட்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கார் எடுப்பவர்கள் முழு வருடத்துக்கும் எடுத்துக்கொண்டாலே, கவுண்டரில் ஒரு வாரத்துக்குக் கேட்பதைவிடக் குறைவாக முடிந்துவிடும். டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவற்றையும் பல பாலிசிகள் சேர்த்தே தருகின்றன. ஆனால் கார் எடுப்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருப்பதும் பாலிசியில் இருப்பதும் ஒரே பெயராக இருக்க வேண்டும்.

இது வேலை செய்யும் விதம் புரியாமல்தான் பலர் கவுண்டரில் வாக்குவாதம் செய்கிறார்கள். சேதம் நடந்தால் முதலில் கார் நிறுவனம் உங்கள் கார்டில் பணம் எடுக்கும். அப்புறம் நீங்கள் பில்லைக் காட்டி இன்சூரன்ஸ்காரரிடம் திரும்ப வாங்க வேண்டும். ஆகவே "நான் ஏற்கனவே இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன், டெபாசிட் வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது யாரோ ஒருவருடைய பாலிசி. விலை ஒப்பிடும் தளங்களில் "முழுப் பாதுகாப்பு" என்று புக்கிங்கோடு சேர்த்து விற்பதும் பெரும்பாலும் இதே ரகம்தான். அதை வாங்கியவரிடமும் டெபாசிட் கேட்பார்கள்.

கார்டில் இடம் இருக்கிறதா?

புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய தலைவலி இந்த டெபாசிட்தான். எக்ஸஸ் அளவுக்கோ அதற்கு ஓரளவு குறைவாகவோ ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். எடுப்பதில்லை, ஆனால் கார் திரும்பும் வரை அந்தப் பணத்தை நீங்கள் தொட முடியாது. விடுவித்த பிறகும் கணக்கில் தெரிய சில நாட்கள் ஆகலாம். அதற்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று நிறைய இடங்களில் கேட்கிறார்கள். மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் புக்கிங் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே கடன் வரலாறு இல்லாமல் வாங்கும் முதல் கார்டின் வரம்பு சில நூறு பவுண்டாகத்தான் இருக்கும், அவர்கள் கேட்பதோ 1,200. டெபிட் கார்டை ஏற்பார்களா என்று பார்த்தால், "ஏற்போம், ஆனால் எங்கள் முழுக் காப்பை வாங்க வேண்டும்" என்று விதிமுறையில் எழுதியிருக்கும். அந்த 154 பவுண்ட் மறுபடி வந்துவிட்டதல்லவா!

புக் செய்யும் முன்பே எக்ஸஸ் எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, எந்தக் கார்டு செல்லும் என்ற மூன்றையும் விதிமுறையில் தேடிப் பாருங்கள். கார்டு வரம்பு போதாது என்றால், குறைந்த டெபாசிட் கேட்கும் நிறுவனத்துக்குப் பத்து இருபது பவுண்ட் கூடக் கொடுப்பது லாபம். ஒரே ஒரு நாளுக்குத்தான் கார், கிளெய்ம் எழுத்து வேலைக்கு நேரமில்லை என்றால் கவுண்டர் காப்பையே வாங்கிக்கொள்வதிலும் தவறில்லை.

மற்ற செலவுகள்

25 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு ஒரு கூடுதல் கட்டணம், மாணவர்கள் கவனிக்க. இரண்டாவது ஓட்டுநருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று உண்டு. பெயர் சேர்க்காமல் ஸ்டியரிங்கை மாற்றிக்கொண்டால் இன்சூரன்ஸ் போய்விடும். எடின்பரோவில் எடுத்து இன்வர்னஸில் விட்டால் ஒருவழிக் கட்டணம். 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை சட்டப்படி குழந்தைகளுக்கான தனி இருக்கை வேண்டும். ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கும் காசில் கடையில் ஒரு பூஸ்டர் இருக்கையை வாங்கிவிடலாம். பெட்ரோலில் "முழுதாக எடுத்து முழுதாகத் தருவது" என்ற ஏற்பாட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். திருப்பித் தரும் இடத்துக்கு அருகில் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே டீசல் குழாய் கறுப்பு, பெட்ரோல் குழாய் பச்சை.

ஸ்காட்லாந்தில் சாலைக்குச் சுங்கம் இல்லை. லண்டன் பக்கம் கார் எடுத்து, தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் கடவையைத் தாண்டினால் உண்டு, 2025 செப்டம்பரிலிருந்து காருக்கு 3.50 பவுண்ட். தடுப்பும் இல்லை, சாவடியும் இல்லை. மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் நீங்களாகக் கட்ட வேண்டும். மறந்தால் அபராதம் கார் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு ஒரு நிர்வாகக் கட்டணம் எடுப்பார்கள், அபராதம் தனியாக வீட்டுக்கு வரும். டப்ளினில் எம்50 சாலையும் இப்படித்தான், மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்ட வேண்டும். இத்தாலியில் வெளிக் கார்களுக்குத் தடையுள்ள பழைய நகரப் பகுதிகளுக்குள் தெரியாமல் நுழைந்தவர்களுக்குப் பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வரும்.

எடுக்கும்போதும் விடும்போதும்

காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுப்பது எல்லாரும் சொல்வதுதான், எப்படி எடுப்பது என்பதுதான் விஷயம். ஸ்காட்லாந்தில் காலையில் கார் நனைந்தே நிற்கும். நீர்த்துளிக்குக் கீழே கீறல் தெரியாது. ஒரு துணியால் கதவுகளையும் பம்பரையும் துடைத்துவிட்டு எடுங்கள். நான்கு சக்கரங்களையும் குனிந்து, போன் டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக எடுங்கள். நடைபாதைக் கல்லில் உரசிய தழும்பு விளிம்பில்தான் இருக்கும். முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, பெட்ரோல் முள், ஓடிய மைல், எல்லாம் வர வேண்டும். அவர்கள் தரும் படத்தில் குறிக்காத கீறல் ஏதும் கண்டால், வண்டியை நகர்த்துவதற்கு முன் ஊழியரைக் கூப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள்.

திருப்பித் தரும்போதும் அதேபோல. அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டால், அவர்கள் மறுநாள் வந்து பார்க்கும் வரை பொறுப்பு உங்களுடையதாகவே எழுதியிருக்கும். முடிந்தவரை ஆள் இருக்கும் நேரத்தில் விட்டு, "சேதமில்லை" என்று எழுதி வாங்குங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் ஒரு முழு நாள் வாடகை விழலாம்.

பத்து நாள் கழித்துக் கார்டில் திடீரென்று பணம் போயிருந்தால், பழுது பார்த்த பில்லையும் சேதப் படத்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். நிறுவனம் பிவிஆர்எல்ஏ என்ற வாடகைக் கார் நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினர் என்றால், பதில் திருப்தியில்லாதபோது அங்கே புகாரைக் கொண்டுபோகலாம். வாடகை 100 பவுண்டுக்கு மேலாக இருந்து, அதைக் கிரெடிட் கார்டில் கார் நிறுவனத்துக்கே நேரடியாகக் கட்டியிருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் வங்கியிடமும் கேட்கலாம். இடையில் ஒரு தளத்துக்குக் கட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கைகொடுக்காமல் போகலாம். எக்ஸஸ் இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் வாடகை ஒப்பந்தம், காரை எடுத்தபோதும் விட்டபோதும் சேதத்தைக் குறித்த இரண்டு சோதனைத் தாள்கள், சேத பில், பணம் போனதைக் காட்டும் கார்டு அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து, பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள்.